மாதிரி ராக்கெட் மோட்டாரைச் சிவகாசி செய்ய வேண்டும்: பட்டாசு ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலை உரிமையாளர்களுக்கும், ஆலைகளை நடத்திச் செல்லும் போர்மேன்களுக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் அட்டையிலும் மரத்திலும் செய்து பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டுகளுக்கு வேண்டிய சிறிய மோட்டார்களை, முறையான அங்கீகாரத்துடனும் ஒரே சீரான தரத்துடனும் தயாரிக்க நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். என் தாயார் பட்டாசுக்குக் குழாய் உருட்டிச் சம்பாதித்த கூலியில் படித்தவன். இப்போது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வசிக்கிறேன். இங்குள்ள மாதிரி ராக்கெட் ஆர்வலர் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்து, ஏவும் நாட்களில் பிள்ளைகள் கொண்டுவரும் ராக்கெட்டுகளைச் சோதித்து அனுப்பும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒவ்வொரு முறை அந்த மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதும், இதில் பெரும்பகுதி நம் ஊருக்குக் கைவந்த வேலைதானே, பிறகு ஏன் நம் பிள்ளைகளுக்கு இது கிடைப்பதில்லை என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை உரியவர்களான உங்கள் முன் வைக்கிறேன்.

நீங்கள் செய்யும் ராக்கெட் வாணத்துக்கும் மாதிரி ராக்கெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வாணம் நீண்ட குச்சியின் துணையால் திசை தப்பாமல் மேலேறி, உச்சியில் வெடித்தோ பூச்சொரிந்தோ முடிந்துபோகும். மாதிரி ராக்கெட்டில் குச்சி கிடையாது. அடிப்பகுதியில் ஒட்டிய மூன்று அல்லது நான்கு சிறகுகளே அதை நேராகச் செலுத்துகின்றன. அட்டைக் குழாயால் ஆன உடல், இலேசான பால்சா மரச் சிறகு, பிளாஸ்டிக் அல்லது மர மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட் ஆகியவையே அதன் உறுப்புகள். மூக்கு, உடல், சிறகு மூன்றிலும் உலோகம் கூடாது என்பது இங்குள்ள விதி. பத்திரமாகத் தரையிறங்கி, அடுத்த மோட்டாரைப் பொருத்திக்கொண்டு மறுபடியும் பறப்பதற்காகவே அது செய்யப்படுகிறது. ஒரே ராக்கெட்டை ஆண்டுக்கணக்கில் பறக்கவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செலவாவது மோட்டார் மட்டுமே.

அந்த மோட்டாரின் அமைப்பைச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். பரவலாகப் பயன்படும் அளவு 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சுருளாகச் சுற்றி ஒட்டிய கெட்டியான காகிதக் குழாய். அதன் அடியில் களிமண்ணை அழுத்தி, நடுவில் துளைவிட்ட நாசில், அதாவது எரியும் வாயு வெளியேறும் வாய். அதற்கு மேல் கல்போல இறுக்கி அழுத்திய கருமருந்து. அதற்கு மேல் உந்துதல் எதுவும் தராமல் புகைந்து எரியும் தாமதக் கலவை. அதற்கும் மேல் பாராசூட்டை வெளியே தள்ளுவதற்கான சிறிதளவு மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய களிமண் மூடி. வெடியுப்பு, கந்தகம், கரி, காகிதம், களிமண் என்று சிவகாசிக்குத் தெரியாத பொருள் ஒன்றும் அதில் இல்லை.

இனி, எங்கள் சங்கத்தின் ஏவும் நாள் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மோட்டாரின் தரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அங்கேதான் புலப்படுகிறது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மாடு மேயும் பரந்த புல்வெளி ஒன்றில், நில உரிமையாளரின் அனுமதியோடு கூடுகிறோம். காட்டுத்தீ அபாயத்தின் காரணமாக அரசு தடை விதித்திருக்கும் நாட்களில் மறுபேச்சின்றி நிகழ்ச்சியைக் கைவிட்டுவிடுகிறோம். ஏவுகம்பிகள் நட்ட தாங்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் நெருப்பு தரையைத் தொடாதபடி உலோகத் தகடு பொருத்தி, சுற்றிலும் காய்ந்த புல்லை அகற்றுகிறோம். தீயணைப்பான்களும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பிள்ளைகள் ஓர் அட்டையில் தம் பெயர், ராக்கெட்டின் பெயர், மோட்டாரின் குறியீடு ஆகியவற்றை எழுதிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். நான் சிறகுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பேன். மூக்கை இழுத்து, அது மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ இல்லாதிருப்பதை உறுதிசெய்வேன். பாராசூட்டுக்கும் மோட்டாருக்கும் இடையில் தீப்பற்றாத காகிதம் வைக்கப்பட்டிருக்கிறதா, மோட்டார் பின்னோக்கி நழுவாமல் பிடிக்கப்பட்டிருக்கிறதா, அந்த மோட்டாருக்கு ராக்கெட்டின் எடை பொருந்துமா என்றெல்லாம் பார்த்த பிறகே அட்டையில் கையொப்பம் இடுவேன். ஏதேனும் ஒன்று சரியில்லை என்றாலும் ராக்கெட் பறக்காது. எவ்வளவு கெஞ்சினாலும் பறக்காது.

திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடும் வேலையே இங்கு இல்லை. நாசில் துளைக்குள் செருகிய மெல்லிய மின் பற்றவைப்பி, கருமருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து செல்லும் கம்பியின் மறுமுனையில், பாதுகாப்புச் சாவியைச் செருகினால் மட்டுமே வேலை செய்யும் பொத்தான் இருக்கும். சிறிய மோட்டாருக்கு 15 அடி தொலைவிலும், அதைவிடப் பெரியவற்றுக்கு 30 அடி தொலைவிலுமாவது நின்றுதான் ஏவ வேண்டும். ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, வானில் விமானம் எதுவும் இல்லை என்று பார்த்து, ஐந்திலிருந்து எண்ணி, அந்தப் பிள்ளையையே பொத்தானை அழுத்தச் செய்வோம். பற்றவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடிகள் காத்திருந்த பிறகே யாரும் அருகில் செல்லலாம். மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று அடித்தால் ஏவுதல் இல்லை. செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்த்து ஏவக் கூடாது. மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ சிக்கிய ராக்கெட்டை எடுக்க முயலக் கூடாது. இவை எல்லாம் அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டியல் சங்கம் வகுத்த பாதுகாப்பு நெறிகள். பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே தெரியும்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் படிக்கும் சிறுமி ஒருத்தி, தானே ஒட்டி வண்ணம் தீட்டிய சிறிய ராக்கெட்டில் சி6-5 என்ற மோட்டாரைப் பொருத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அந்தக் குறியீட்டில் உள்ள எழுத்து, மோட்டார் தரும் மொத்த உந்தத்தைக் குறிக்கும். ஏ வகை 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி வகை 5 வரை, சி வகை 10 வரை என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அளவு இரட்டிக்கும். அடுத்த எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் சொல்லும். கடைசி எண், கருமருந்து எரிந்து முடிந்த பிறகு எத்தனை விநாடி கழித்துப் பாராசூட் வெளியே தள்ளப்படும் என்பதைச் சொல்லும். அன்று மலைப்பக்கமிருந்து காற்று சற்று வலுத்திருந்தது. அந்த இலேசான ராக்கெட் சி மோட்டாரில் போனால் ஆயிரம் அடி அளவுக்கு ஏறிவிடும். பாராசூட் விரிந்தபின் காற்று அதைச் சாலைக்கு அப்பால் அடித்துச் சென்றுவிடும். ஆகவே மோட்டாரை மாற்றிக்கொண்டு வரும்படி சொன்னேன். அவள் சற்று யோசித்து, ஏ8-3 மோட்டாரை எடுத்துக்கொண்டதோடு, பாராசூட்டையும் கழற்றிவிட்டு, விரைவாக இறங்கும் நீண்ட பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதை நான் சொல்லித்தரவில்லை.

பொத்தானை அழுத்தியதும், ஒரு விநாடிக்குள் மோட்டார் எரிந்து முடிந்தது. வெள்ளைப் புகைக் கோடு மட்டும் மேலே நீண்டுகொண்டே போனது. அவள் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ராக்கெட் ஏறிய வேகம் முழுவதும் தீர்ந்து, மூக்கு கீழ்நோக்கிச் சாயத் தொடங்கிய அந்தக் கணத்தில் பட்டென்று சிறு ஒலி கேட்டு நாடா வெளியே வந்தது. ஏவுதளத்துக்குள் இனிச் செல்லலாம் என்று அறிவிக்கும் வரை காத்திருந்து, பிறகு ஓடிப்போய் எடுத்து வந்தாள். தாமதம் நீண்டிருந்தால் ராக்கெட் தலைகீழாக வேகம் பிடித்து, நாடா விரியும்போது குழாயையே கிழித்திருக்கும். குறைந்திருந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதே சேதம் நேர்ந்திருக்கும். நியூட்டனின் விதிகளை வகுப்பில் எழுதிப் படித்த எனக்கு, அவற்றைப் பொத்தான் அழுத்திப் பார்க்கும் வாய்ப்பு அந்த வயதில் இருந்ததில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் இல்லை.

குறியீட்டில் அச்சிட்ட எண்ணை அந்தச் சிறுமி நம்பினாள், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் நிற்கிறது. பெட்டியில் உள்ள ஒரு மோட்டார் மூன்று விநாடியும் இன்னொன்று ஆறு விநாடியும் தாமதித்தால், என்னுடைய எந்தச் சோதனைக்கும் பொருள் இருக்காது. ஆகவேதான் இங்கே ஒவ்வொரு வகை மோட்டாரையும் தயாரிப்பாளரைச் சாராத சோதனைக் குழு ஒன்று எரித்து அளந்து சான்று தருகிறது. சான்று பெறாத மோட்டாரைச் சங்கத்தின் ஏவுதளத்தில் எவரும் பயன்படுத்த முடியாது.

இந்த ஏற்பாடு பட்டாசுத் தொழிலிலிருந்தே பிறந்தது என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல், வாண வேடிக்கையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1954-ல் அவர், தம் சகோதரர் ராக்கெட்டைப் பற்றி நிகழ்த்தும் உரைகளில் செய்து காட்டுவதற்காக, கழற்றி மாற்றத்தக்க காகித மோட்டாரும் பாராசூட்டும் கொண்ட சிறிய ராக்கெட்டை உருவாக்கினார். அதே காலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிவந்த ஹாரி ஸ்டைன், வீட்டிலேயே மருந்து கலந்து உலோகக் குழாயில் அடைத்து ராக்கெட் விட முயன்று காயமடையும் இளைஞர்களைப் பற்றிக் கவலையோடு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டுகளை ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். பிள்ளைகள் மருந்தைத் தொடவே வேண்டியதில்லை, தொழிற்சாலையில் செய்த மோட்டாரை வாங்கிப் பொருத்தினால் போதும் என்ற வழி அப்படித்தான் பிறந்தது. 1957 அக்டோபரில் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபின், ஊருக்கு ஊர் பிள்ளைகள் ராக்கெட் செய்யப் புறப்பட்ட வேளையில், அந்த வழி ஆயத்தமாக இருந்தது.

ஆனால் கையால் செய்த மோட்டார்கள் தேவைக்குப் போதவில்லை. எனவே ஸ்டைன், கொலராடோவின் டென்வர் நகரில் பட்டாசுத் தொழில் செய்துவந்த குடும்பத்தைத் தேடிச் சென்றார். அந்தக் குடும்பத்து இளைஞரான வெர்னன் எஸ்டஸ், மோட்டாரைத் தானாகவே அழுத்திச் செய்யும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். 'மேபல்' என்று பெயரிடப்பட்ட அந்த இயந்திரம் 1959-ல் ஓடத் தொடங்கி, சில விநாடிகளுக்கு ஒரு மோட்டாரைத் தள்ளியது. மாதிரி ராக்கெட்டுகளை விற்க ஸ்டைன் தொடங்கியிருந்த நிறுவனத்தால் அத்தனையையும் வாங்கிக்கொள்ள முடியாமல் போகவே, எஸ்டஸ் தாமே விற்கத் தொடங்கினார். 1961-ல் பென்ரோஸ் என்ற சிற்றூருக்கு ஆலையை மாற்றினார். இன்றும் உலகின் பெயர்பெற்ற மாதிரி ராக்கெட் மோட்டார்கள் அங்கிருந்தே வருகின்றன. விண்வெளி ஆய்வகமோ படைத்துறையோ செய்யாததை, பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் செய்தார் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிவகாசிக்கு இத்தகைய முன்னோடிகள் இல்லாமலில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததிலிருந்துதான், மழையும் விளைச்சலும் குறைந்த இந்த மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேரூன்றின. அன்று கற்கத் தயங்காத ஊர், இன்று இதையும் கற்க முடியும்.

ஆனால் கற்க வேண்டியவை உண்டு என்பதை மறைக்கமாட்டேன். வாணத்தில் ஒன்றிரண்டு சற்றுச் சாய்ந்து போனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மோட்டாரில் அதற்கு இடமில்லை. மருந்தின் துகள் அளவு, ஈரம், அழுத்தம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு மோட்டாரிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே கையால் இடிப்பதும் செலுத்துவதும் ஒத்துவராது. தாமதக் கலவையைச் சீராக்குவது மிகக் கடினமான பகுதி. அதைவிடக் கடினமான ஒன்று நம் ஊர் வெயில். அழுத்திய கருமருந்தும் காகிதக் குழாயும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. பகலில் கொதித்து இரவில் குளிரும் தகரக் கூரை கிட்டங்கியில் மோட்டார்களை வைத்தால், நாளடைவில் மருந்து குழாயிலிருந்து மயிரிழை அளவு விலகிவிடும், அல்லது மருந்திலேயே வெடிப்பு விழும். அதன்பின் பற்றவைத்தால் தீ பக்கவாட்டிலும் பரவி, மோட்டார் வெடித்துவிடும். கொலராடோவில் கோடைக் காலத்தில் காருக்குள் மோட்டார்ப் பெட்டியை விட்டுச் செல்லாதீர்கள் என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அக்கினி நட்சத்திர வெயிலைத் தாங்கும் மோட்டாரைச் செய்ய வேண்டுமென்றால், குழாய்க் காகிதம், பசை, சேமிப்பு, போக்குவரத்து எல்லாவற்றையும் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஆராய்ந்து சோதிக்க வேண்டும். பென்ரோஸில் செய்வதை அப்படியே பின்பற்றினால் போதாது.

தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த வேண்டுகோளை முன்வைக்க எனக்கு உரிமை இல்லை. பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வராத ஆண்டு எங்கள் வட்டாரத்தில் இல்லை. மருந்து கலக்கும்போது உராய்வு, அறையில் அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிக ஆட்கள், உரிமத்தை ஒருவர் வைத்திருக்க வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விடுவது என்று அதே காரணங்களை ஒவ்வொரு முறையும் படிக்கிறோம். என் தாயாரோடு வேலை பார்த்தவர்களில் வீடு திரும்பாதவர்களும் உண்டு. எனவே பிள்ளைகள் மகிழ்வதற்கான பொருளைச் செய்யப்போய் இன்னொரு குடும்பம் அழும் நிலை வரும் என்றால், இந்த மோட்டார் வேண்டவே வேண்டாம். நான் கேட்பது, ஆட்கள் மருந்தைத் தொடாத முறையை: கலப்பதும் அழுத்துவதும் தடுப்புச் சுவருக்கு அப்பால் இயந்திரத்தால் நடக்க வேண்டும், இயந்திரம் ஓடும்போது அந்த அறையில் மனிதர் இருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் அறையில் இருக்கும் மருந்தின் அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். உள்குத்தகைக்கு விடும் வழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம். மோட்டார் ஒவ்வொன்றிலும் உள்ள கருமருந்து மிகக் குறைவு. ஏ8 வகையில் ஏறத்தாழ 3 கிராம், சி6 வகையில் 11 கிராம் அளவு. அளவு சிறியது என்பதாலேயே இயந்திரமயமாக்குவது எளிது; முதலீடு தேவைதான், ஆனால் அதைத் தவிர்க்க நினைத்தால் இத்தொழிலைத் தொடங்குவதில் நியாயம் இல்லை.

சட்டத்தின் நிலையையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படியும் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படியும், உரிமம் இன்றி எவரும் வெடிபொருள் தயாரிக்க முடியாது. புதிய தயாரிப்பு ஒவ்வொன்றும் அங்கீகாரம் பெற வேண்டும். இது சரியான சட்டம். ராக்கெட் விடும் ஆசையில் சமையலறையில் கலவை காய்ச்சும் கல்லூரி மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் செய்வது குற்றம் என்பதைவிட, அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பதுதான் என் கவலை. அவர்களைத் தடுக்க வேண்டுமென்றால், தடை மட்டும் போதாது. கடையில் வாங்கிப் பொருத்தக்கூடிய மோட்டார் ஒன்று இருக்க வேண்டும். 1957-ல் ஸ்டைனும் கார்லைலும் கண்ட வழி அதுதான். நாக்பூர் உரிமம், அதாவது மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ நாக்பூரிலிருந்து தரும் உரிமம், பெற்ற ஆலைகள் உங்களிடம் இருக்கின்றன. பெசோ அமைப்பின் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. மாதிரி ராக்கெட் மோட்டாரை எந்த வகையில் சேர்ப்பது, எவ்வளவு மருந்து வரை அனுமதிப்பது, யார் சோதித்துச் சான்று தருவது என்று தெளிவுபடுத்தும்படி உங்கள் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பெசோவிடம் எழுத்து வடிவில் கேட்க வேண்டும். அமெரிக்காவில், 125 கிராமுக்கு மேல் மருந்து இல்லாமல், 1,500 கிராமுக்கு மேல் எடை இல்லாமல், காகிதம், மரம், உடையக்கூடிய பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்த ராக்கெட்டுக்கு வான்போக்குவரத்து அமைப்பின் தனி அனுமதி தேவையில்லை. விமானத்துக்கு இடையூறு செய்யாமலும், மனிதருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளையாமலும் ஏவினால் போதும். அதுபோன்ற தெளிவான எல்லை ஒன்று இங்கும் வரையப்பட்டால், பள்ளித் தலைமையாசிரியரும் காவல் நிலைய ஆய்வாளரும் அச்சமின்றி ஒப்புதல் தர முடியும்.

2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளையும் சரவெடியையும் தடைசெய்தபின் உங்கள் தொழில் பட்ட பாட்டை ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டுவருகிறேன். இந்த மோட்டாரில் பேரியம் இல்லை, வண்ண உப்புகள் இல்லை, காதைப் பிளக்கும் ஓசையும் இல்லை. கந்தகப் புகை சிறிதளவு உண்டு. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். தீபாவளியோடு முடிந்துபோகாமல், பள்ளி நடக்கும் மாதங்கள் எல்லாம் தேவைப்படும் பொருள் இது. ஆனாலும் தீபாவளி விற்பனைக்கு ஈடாக இது வளர்ந்துவிடும் என்று ஆசை காட்ட நான் விரும்பவில்லை. தொடக்கத்தில் சிறிய சந்தையாகவே இருக்கும். ஓர் ஆலை, ஓர் இயந்திரம், ஏ, பி, சி ஆகிய மூன்று வகைகள் என்ற அளவில் தொடங்கினால் போதும். இதைத் தீபாவளிக் கடைகளில் புஸ்வாணத்துக்கும் சங்குச் சக்கரத்துக்கும் பக்கத்தில் அடுக்கி விற்கவும் கூடாது. பள்ளிகளுக்கும், பதிவுபெற்ற அறிவியல் மன்றங்களுக்கும், பெரியவர் ஒருவரின் பொறுப்பில் மட்டுமே விற்க வேண்டும். திரியைச் செருகிப் பற்றவைக்கும் பழக்கத்தை இதற்குள் நுழையவிட்டால் முதல் விபத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். எனவே மின் பற்றவைப்பியோடு சேர்த்தே விற்பனை நடக்க வேண்டும்.

ஏவும் இடத்துக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. தண்ணீர் வற்றிய கண்மாயும், அறுவடை முடிந்த கரிசல் காடும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஏ வகைக்கு 100 அடிச் சதுரமும், சி வகைக்கு 400 அடிச் சதுரமும் குறைந்தபட்சத் திடல். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாயை விட்டுவிடலாம். அதில் விழுந்த பாராசூட்டை மீட்க முடியாது, பிள்ளைகளின் கால்களுக்கும் நல்லதல்ல. ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றில் ராக்கெட் விடக் கூடாது. தை, மாசி மாதங்களின் காலைப் பொழுது மிகவும் ஏற்றது. காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டு, தண்ணீர் லாரி ஒன்றை நிறுத்தி, தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டித் தகவல் சொல்லி, மாவட்ட நிர்வாகத்திடமும், விமான நிலையம் அருகில் இருந்தால் அவர்களிடமும் அனுமதி பெற்று நடத்தலாம். அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் வானவில் மன்றத்தின் அறிவியல் கருத்தாளர்கள் இதைக் கற்றுக்கொண்டால், பள்ளிக்குப் பள்ளி கொண்டுசெல்ல ஆட்கள் தயாராகவே இருப்பார்கள்.

தென் மாவட்டங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே ஏவும் ராக்கெட்டை வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு நம் பிள்ளைகளின் பங்கு முடிந்துவிடக் கூடாது. வெம்பக்கோட்டைப் பள்ளியில் படிக்கும் மாணவி, தான் ஒட்டிய சிறகு ஏன் ராக்கெட்டை நேராக வைத்தது, தான் தேர்ந்த தாமதம் ஏன் சரியாக அமைந்தது என்று தெரிந்துகொண்டு அந்த வேலிக்குள் வேலைக்குப் போக வேண்டும். அவள் கையில் இருக்கும் மோட்டாரின் குழாயை அவள் தாயார் சுற்றியிருந்தால், அந்தக் குழாய் சுற்றும் வேலைக்கு ஓர் அளவுகோலும் நியாயமான கூலியும் கிடைத்திருந்தால், எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

இறுதியாக, என்னால் செய்ய முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் உந்துவிசையையும் எரியும் நேரத்தையும் தாமதத்தையும் அளக்கும் சோதனைத் தாங்கியை எப்படி அமைப்பது, எத்தனை மோட்டாரை எரித்துப் பார்த்தால் ஒரு தொகுதியை ஏற்கலாம் என்பன குறித்த நெறிமுறைகளைத் தமிழில் எழுதிவருகிறேன். கேட்கும் எந்த ஆலைக்கும் கட்டணமின்றித் தருவேன். பாதுகாப்பு நெறிகளைத் தமிழில் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டேன். வரும் தை மாதம் ஊருக்கு வரும்போது, உங்கள் போர்மேன்களோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பேசவும், ஆசிரியர்களுக்கு முதலில் தண்ணீர் ராக்கெட்டைக் கொண்டு ஏவுதள ஒழுங்கைப் பயிற்றுவிக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, பெசோவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவது மட்டுமே.

இப்படிக்கு,
சாத்தூரில் பிறந்து கொலராடோவில் வாழும்
மாதிரி ராக்கெட் ஆர்வலர் ஒருவர்